இரு கரைக்கும் ஒரு கட்டம்

நிவேதிகா ஏழு மாதமாகக் கட்டிய செயலியைக் கிண்ணியாவில் தரம் பத்தில் படிக்கிற நான்கு பெண்பிள்ளைகள் இருபது நிமிடத்தில் தோற்கடித்தார்கள்.

கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனியில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவள் அவள். உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில் இராகுலன் என்பவர் நடத்திய சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். மூன்று பேர், நான்கு கணினி, பாதி வேகத்தில் சுற்றுகிற ஒரு மின்விசிறி. கொழும்பிலுள்ள ஒரு அறக்கட்டளை அவர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் நகரத்தின் தண்ணீர், குப்பை, வீதி, மரம், கடல் எல்லாவற்றையும் பற்றிச் சேர்ந்து யோசிக்கப் பழக வேண்டும். அது இன்னும் முப்பது நாற்பது வருடம் தாங்குமா, தாங்க என்ன செய்யலாம் என்று தாங்களாகவே புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி.

நிவேதிகா செய்த கருவிக்குப் பெயர் 'கூடிக்கட்டு'. நான்கு பேர் ஒரு டெப்பை, பலகைபோன்ற தொடுதிரைக் கணினியை, சுற்றி இருப்பார்கள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு துறைமுக நகரம் விரியும். ஒருவருக்குத் தண்ணீர் பொறுப்பு, ஒருவருக்குக் குப்பை, ஒருவருக்கு வீதி, நாலாவது ஆளுக்கு மரமும் கடலும். ஒரு சுற்று என்றால் ஒரு வருடம். மொத்தம் பன்னிரண்டு சுற்று. வலது மூலையில் நூற்றுக்கு எவ்வளவு என்று புள்ளி ஓடிக்கொண்டிருக்கும். உவர்மலையின் சரிவையும், சந்தையையும், பஸ் நிலையத்துக்கு முன்னால் படுத்திருக்கும் புள்ளிமான்களையும் அவள் ஆசை ஆசையாக வரைந்திருந்தாள். மானைத் தொட்டால் அது காதை ஆட்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிண்ணியாப் பாடசாலையின் கணினி அறையில் ஆறு குழுக்கள் விளையாடத் தொடங்கின. பத்து மணிக்கு முன்னரே ஒரு குழு கையைத் தூக்கியது. றஹ்மா என்ற பிள்ளையின் குழு.

"மிஸ், நூறு வந்திட்டு."

நிவேதிகா போய்ப் பார்த்தாள். நகரம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. ஒரு கட்டத்திலும் குப்பை இல்லை.

"எப்பிடிச் செய்தனீங்கள்?"

றஹ்மா விரலை வைத்துக் காட்டினாள். தெற்குப் பக்கம் கடலில் வரைபடம் முடிகிற கடைசிக் கட்டம். அதற்கு அப்பால் குப்பையை இழுத்துவிட்டால் அது காணாமற் போனது. காணாமற் போனதைச் செயலி கணக்கில் எடுக்கவில்லை. நகரத்துக் குப்பை முழுவதையும் முதல் வருடமே அந்த வழியால் தள்ளிவிட்டு, மிச்சப் பதினொரு வருடமும் மரம் நட்டிருந்தார்கள். அவள் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் செய்தி பக்கத்து மேசைகளுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஆறு குழுவுக்கும் நூறு.

நிவேதிகாவுக்குக் காது சுட்டது. "இது என்ர பிழை," என்றாள், வாசலடியில் நின்ற ஆசிரியையைப் பார்த்து. "பின்னேரத்துக்குள்ள அந்தக் கரையை அடைச்சுப்போடுறன்."

வாசலடியில் நின்றவர் ஸுல்பிகா டீச்சர். பதினேழு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறவர். திட்டத்துக்கு ஆலோசகராக அவரைப் போட்டிருந்தார்கள். அதுவரை நடந்த இரண்டு கூட்டங்களிலும் அவர் அதிகம் பேசவில்லை. இப்போது நேராக றஹ்மாவின் மேசைக்கு வந்தார்.

"குப்ப எங்க போன?"

"மெப்புக்கு வெளிய டீச்சர்."

"வெளிய என்ன இரிக்கு?"

"ஒண்டுமில்ல டீச்சர். மெப் முடிஞ்சிட்டு."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருக்கும்போது மற்றவர்களும் காத்திருந்தார்கள். அந்த வகுப்பின் பழக்கம் அது என்பது நிவேதிகாவுக்குப் பார்த்தவுடன் விளங்கியது. றஹ்மா திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது டவுன்ட மெப். இது கடல். கடலுக்கு அங்கால..." நிறுத்தினாள். "அங்கால நாங்கதானே டீச்சர்!"

நகரத்துக்குத் தெற்கே, குடாவின் மறுகரையில் இருப்பது கிண்ணியாதான். அறை முழுக்கச் சிரித்தது. தங்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொட்டி நூறு புள்ளி எடுத்திருக்கிறோம் என்று ஒருத்தி மற்றவளைத் தட்டினாள். நிவேதிகாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த நகரத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். வரைபடத்தை எங்கே வெட்டுவது என்று ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கடல் வந்தவுடன் கை தானாக நின்றிருந்தது.

விறாந்தையில் டீச்சர் அவளிடம் சொன்னார்: "அடைக்க வேணாம் நிவேதிகா. அடைச்சா வேற ஓட்ட தேடுவாங்க. எங்கட பிள்ளைகள் கெட்டிக்காரிகள், தேடினா கிடைக்கும். நீங்க எங்கட பக்கத்துக்கும் ஒரு மெப் செய்யுங்க. அங்க தள்ளுறது இங்க வரட்டும். இங்க தள்ளுறது அங்க போகட்டும். டவுன் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில இரிக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிச் சீனன்குடா வரும்வரைக்கும் நிவேதிகா அந்த நாலைந்து வசனங்களையே நினைத்துக்கொண்டு வந்தாள். செய்வதற்கு அது எவ்வளவு வேலை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வரைபடம், இரண்டு பாடசாலை, ஒரே நேரத்தில் ஓடுகிற ஒரே கடல்.

இராகுலனுக்கு அது பிடிக்கவில்லை. நாற்பதை எட்டப்போகிற, எதையும் திகதி வைத்துச் செய்கிற மனிதர் அவர். "ஒரு வரியை மாத்தினாப் பிழை திருந்தும். அதுக்கு நீ ஊரையே மாத்தப் போறாய்," என்றார். "இன்னும் பத்துக் கிழமைதான் கிடக்கு."

"ஏலும் அண்ணா. நான் செய்யிறன்."

"டீச்சர் சொன்னா எல்லாம் சரியா?"

"இது சரி."

அடுத்த சனிக்கிழமை டீச்சர் அலுவலகத்துக்கே வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். கணினிப் பக்கம் போகவில்லை. நடு மேசையில் ஒரு பெரிய கடதாசியை விரித்து, வெறும் தீப்பெட்டிகளை வீடுகளாக வைத்து, பட்டாணிக் கடலையைக் குப்பையாகக் கொட்டி, "இப்ப நீங்க டவுன், நான் கிண்ணியா. ஆடுவம்," என்பார். ஒரு விதியைக் கணினியில் எழுதுவதற்கு முன்னர் அதை அந்த மேசையில் மூன்று தடவை ஆடிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கொழும்பில் நிவேதிகாவின் பழைய கொம்பனி இதற்கென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவர்களில் ஒருவரும் டீச்சரைப்போலக் கேட்டதில்லை. "குப்ப அங்கயிருந்து இங்க வர எத்தின நாள் எடுக்கும்? சோளகக் காத்தில ஒரு மாதிரி, வாடையில ஒரு மாதிரி. உங்கட கடலுக்குக் காத்து இரிக்கா?" என்று கேட்பார். நிவேதிகாவின் கடலுக்குக் காற்று இருக்கவில்லை. அந்தக் கிழமை அவள் காற்றை எழுதினாள்.

டீச்சர் சொன்னதெல்லாம் பலித்தது என்றும் இல்லை. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடே இருக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்படியே செய்து, டீச்சரின் வகுப்புக்குள்ளேயே பரீட்சித்தார்கள். முதலாவது வருடத்துக்கே ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு பிள்ளைகள் மேசையில் தலைவைத்துப் படுத்துவிட்டார்கள். டீச்சர் நிவேதிகாவிடம் வந்து, "நான் சொன்னது பிழ. சுத்துக்கு எட்டு நிமிசம் போடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். பிழையை இவ்வளவு சுலபமாகக் கீழே வைக்கிற ஒருவரை நிவேதிகா அதுவரை கண்டதில்லை. அவளுக்குத் தன் பிழை ஒன்றை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் வேண்டும்.

ஆறாவது கிழமை இரண்டு கரைகளையும் இணைத்தார்கள். நகரத்தில் ஆண், பெண் இருபாலாரும் படிக்கிற ஒரு கலவன் பாடசாலையில் இராகுலன் நின்றார். கிண்ணியாவில் நிவேதிகாவும் டீச்சரும். ஒரு கரைக்கு ஒரு குழு என்று வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பது. கிண்ணியாவுக்கு றஹ்மாவின் குழு. நகரத்துக்கு மதுசன் என்ற பையனின் குழு.

முதல் வருடமே நகரம் குப்பையைக் கடலில் தள்ளியது. றஹ்மா அன்று செய்த அதே வேலை. அடுத்த வருடம் அது கிண்ணியாக் கரையில் கறுப்புப் புள்ளிகளாக ஒதுங்கியது. மீன் குறைந்தது.

"டவுன் ஆக்கள் குப்பய அனுப்பியிரிக்காங்க! பாருங்கடி!"

"திருப்பி அனுப்பு! ரெண்டு மடங்கா அனுப்பு!"

திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் வந்தது. நாலாவது வருடம் இரு பக்கத்திலும் மீன்படகுகள் நின்றுபோயின. நகரத்து வாய்க்கால்கள் அடைத்து வெள்ளம் ஏறியது. கிண்ணியாப் பிள்ளைகள் கதிரைகளில் இருந்து எழும்பிவிட்டார்கள். ஒரு பிள்ளை நகரத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னாள். யுத்த காலத்தில் இந்த இரண்டு கரையின் தமிழ், முஸ்லிம் பெரியவர்களுக்கு இடையில் நடந்ததெல்லாம் நிவேதிகாவுக்குத் தெரியும். அதை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோமோ என்று பயந்தாள்.

"டீச்சர், நிப்பாட்டட்டா?"

"இரிங்க."

டீச்சரின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கையிலிருந்த பேனை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் என்று நிவேதிகா கண்டுகொண்டாள்.

ஏழாவது வருடத்தில் இரண்டு நகரமும் சாம்பல் நிறமாகி, விளையாட்டுத் தானாக நின்றது. றஹ்மாவின் கண் கலங்கியிருந்தது.

"அவங்க வேணுமெண்டுதான் டீச்சர் செய்யிறாங்க."

"எப்பிடித் தெரியும்?"

றஹ்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"தெரிய வேணுமெண்டா என்ன செய்யோணும்?"

"கேக்கோணும்," என்றாள் றஹ்மா, மனமில்லாமல்.

டீச்சர் நிவேதிகாவைத் திரும்பிப் பார்த்தார். "இதில கேக்கிறதுக்கு இடமிரிக்கா?"

இல்லை. காற்றை எழுதியிருந்தாள், மீனை எழுதியிருந்தாள், கேட்பதற்கு ஒரு இடம் வைக்கவில்லை. "மெசேஜ் அனுப்புற மாதிரி ஒரு பெட்டி போடலாம் டீச்சர். ரெண்டு நாள் வேலை."

"வேணாம். அந்தப் பிள்ள சொன்ன சொல்ல நீங்களும் கேட்டீங்கதானே. இப்ப பெட்டி குடுத்தா அதத்தான் எழுதுவாங்க." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "மிஸ்ஸுக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. எப்பிடிக் கேட்டா சண்ட வராமக் கேக்கலாம்? நீங்க செஞ்சு தாங்க. நாளைக்கு வேணும்."

மறுநாள் இருபத்தொரு தாள்கள் வந்தன. நிவேதிகா அவற்றைத் தரையில் பரப்பி வைத்துப் படித்தாள். ஒரு பிள்ளை முகபாவங்களை வரைந்திருந்தாள். இன்னொருத்தி, கோபத்தில் எழுதியது அரை மணித்தியாலம் பெட்டிக்குள் கிடந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றிருந்தாள். றஹ்மாவின் குழு நாலு பேரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதியிருந்தது. கேள்வி மட்டும்தான் அனுப்பலாம். ஒரு சுற்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விதான். மற்றப் பக்கம் பதில் சொல்லாமல் இரண்டு பக்கமும் அடுத்த வருடத்துக்குப் போக முடியாது.

நிவேதிகா அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தாள். தான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த பாடத்தில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு உறுதியான ஒரு வடிவமைப்பைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு வரவில்லை. அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே எழுதிச் செயலிக்குள் போட்டாள். மூலையில் ஓடிய புள்ளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேட்ட கேள்விகளின் பட்டியலை வைத்தாள். புள்ளியை எடுத்தது அவளாக எடுத்த முடிவு. இராகுலனிடம் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை இணைத்தபோது, முதல் கேள்வி நகரத்திலிருந்து வந்தது.

"போன முறை நாங்கள் செய்ததுக்கு நீங்கள் கோவமா?"

கிண்ணியாப் பிள்ளைகள் இதை எதிர்பார்க்கவில்லை. என்ன பதில் எழுதுவது என்று நாலு பேரும் ஐந்து நிமிடம் வாக்குவாதப்பட்டார்கள். கடைசியில் "ஓம்" என்று மட்டும் எழுதினார்கள். பிறகு தங்கள் கேள்வியை அனுப்பினார்கள்: "நீங்க தின்னுற மீன் எங்கயிருந்து வருது?"

"சந்தையில இருந்து."

மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். "சந்தைக்கு எங்கயிருந்து வருதாம்? கேளுங்கடி!" ஆனால் அந்த வருடத்துக் கேள்வி முடிந்துவிட்டது. தங்கள் விதியில் தாங்களே மாட்டிக்கொண்டு, அடுத்த வருடம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நிவேதிகா கண்டாள்.

அடுத்த வருடம் கேட்டார்கள். பதில் வர நேரம் எடுத்தது. அந்தப் பக்கத்தில் மதுசனும் கூட்டாளிகளும் தலையைச் சொறிந்துகொண்டு இருந்ததாகப் பிறகு இராகுலன் சொன்னார்.

"உங்கட பக்கத்தில இருந்தும் வருது. நாங்கள் அதை யோசிக்கேல்ல."

அந்த வருடம் நகரத்திலிருந்து குப்பை வரவில்லை. அதற்காக நகரத்தில் குப்பை இல்லாமற் போய்விடவில்லை. சந்தைக்குப் பின்னால் மலையாகக் குவிந்தது. மான்கள் போய் அதைக் கிளறின. ஐந்தாவது வருடம் மதுசனின் குழு கேட்டது: "இதில முக்கால்வாசி அழுகின மரக்கறி. உங்கட தோட்டங்களுக்கு உரமா எடுப்பீங்களா?"

"எடுப்பம். பொலித்தீன் இருந்தா எடுக்கமாட்டம்," என்று கிண்ணியா எழுதியது. கூடவே: "ஆர் பிரிக்கிறது?"

"ரெண்டு பேரும் சேந்து," என்று பதில் வந்தது. ஆறாவது வருடம் நகரம் கேட்டது: "எந்த இடத்தில வச்சுப் பிரிக்கலாம்?"

இங்கேதான் சிக்கியது. பிரிக்கிற முற்றத்தை நகரத்தில் வைத்தால் நகரம் நாறும். கிண்ணியாவில் வைத்தால் கிண்ணியா நாறும். எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் போய்விட்டது. றஹ்மா டெப்பைத் தூக்கிச் சரித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு வரைபடங்களும் சந்திக்கிற மெல்லிய கறுப்புக் கோட்டில் விரலை வைத்தாள்.

"இதில."

"அதில கட்டம் இல்லையேடி."

"இல்லத்தான். மிஸ், இதில ஒரு கட்டம் வேணும். ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமா."

அந்தக் கோட்டுக்கு அகலமே கிடையாது. இந்தப் பக்கம் எங்கே முடிகிறது, அந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்வதற்காக நிவேதிகா போட்ட அடையாளம் மட்டும்தான். டீச்சர் அவளைப் பார்த்தார்.

"ஏலுமா?"

"ஏலும் எண்டு நினைக்கிறன். முக்கால் மணித்தியாலம் தாங்கோ."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். மறுகரையில் இராகுலனுக்குப் போன் பண்ணி விளையாட்டை நிறுத்திவைக்கச் சொன்னாள். அவர் ஏதும் சொல்வார் என்று பார்த்தாள். "இஞ்சயும் அதுதான் கேக்கிறாங்கள். கெதியாச் செய்," என்றார் அவர்.

அவள் எழுதிக்கொண்டிருந்த நேரம் டீச்சர் பிள்ளைகளைச் சும்மா இருக்க விடவில்லை. அந்தக் கட்டத்துக்கு என்ன சட்டம் என்று கேட்டார். ஆர் கூட்டுவது? ஒரு பக்கம் வராவிட்டால்? ஒரு பக்கம் ஏமாற்றினால்? போனை ஸ்பீக்கரில் போட்டு, நகரத்துப் பிள்ளைகளையும் இழுத்துவிட்டார். ஆளையாள் காணாத இரண்டு வகுப்புகள் அரை மணித்தியாலம் சட்டம் பேசின. சிலர் இடையில் கன்ரீனுக்குப் போய் வடையோடு வந்து மறுபடியும் பேசினார்கள். மதுசனுக்குச் சத்தமாகக் கதைக்கிற பழக்கம். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் போன் கரகரத்தது. கடைசியில் ஒரு தாள் நிவேதிகாவின் மேசைக்கு வந்தது. இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் மூன்று வினாடி விரல் வைத்தால்தான் கட்டம் திறக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மறுபடியும் அப்படியே வைக்க வேண்டும். ஒரு பக்கம் வைக்காவிட்டால் கட்டம் தூங்கிவிடும், ஆனால் அழியாது. திரும்பி வந்தால் எழும்பும்.

'தூங்கிவிடும், ஆனால் அழியாது' என்ற வரி எந்தப் பக்கத்துப் பிள்ளை சொன்னது என்று நிவேதிகா கேட்டாள். ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பதினொன்றே முக்காலுக்கு அவள் தலை நிமிர்ந்தாள். "சரி. தொட்டுப் பாருங்கோ."

றஹ்மா விரலை நீட்டினாள். போனில் இராகுலன் எண்ணினார். "ஒண்டு... ரெண்டு... மூண்டு!"

ஒன்றும் நடக்கவில்லை. இணையம் ஒரு வினாடி பிந்தியிருந்தது. இரண்டாவது தடவை றஹ்மாவின் விரல் வியர்வையில் வழுக்கியது. அவள் விரலை உடுப்பில் துடைத்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் யாரோ "அவசரப்படாதைங்கோ, நாங்கள் நிக்கிறம்," என்றது ஸ்பீக்கரில் கேட்டது.

மூன்றாவது தடவை, கறுப்புக் கோட்டின் நடுவில், கடலுக்கு மேல், ஒரு சின்ன மஞ்சள் சதுரம் விரிந்தது.

இரண்டு அறையிலும் எழும்பிய சத்தத்தில் போன் மேசையிலிருந்து விழுந்தது. விழுந்த போனுக்குள் இராகுலனும் பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவது நிவேதிகாவுக்குக் கேட்டது. திகதி பார்த்துப் பேசுகிற மனிதர், "வந்திட்டுது! வந்திட்டுது!" என்று கத்தினார். அவள் டீச்சரைத் தேடினாள். டீச்சர் சத்தத்துக்கு நடுவில் அமைதியாக நின்று, மஞ்சள் சதுரத்தைப் பார்க்காமல், பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆசிரியை வகுப்பில் எதைப் பார்க்க வேண்டுமோ அதை. நிவேதிகாவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் வந்த மரியாதை, அதற்கு முந்திய ஒன்பது சனிக்கிழமைகளில் சேர்ந்த எல்லாவற்றையும்விடப் பெரியது.

பன்னிரண்டாவது வருடம் முடிந்தபோது இரண்டு நகரமும் தங்க நகரமாகிவிடவில்லை. நகரத்தின் இரண்டு வாய்க்கால்களில் இன்னும் வெள்ளம் நின்றது. மீன் முக்கால்வாசிதான் திரும்பியது. ஆனால் அந்தக் கட்டம் கடைசிவரை தூங்காமல் இருந்தது.

அதன்பிறகும் ஒரு மாதம் இரு கரையும் கிழமைக்கொரு தடவை ஆடின. அது முடிய அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செயலியைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. பிறகு கேட்டார்கள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் புள்ளி எங்கே? அறிக்கையில் காட்ட வேண்டும். இராகுலன் நிவேதிகாவைப் பார்த்தார்.

"நாந்தான் எடுத்தனான்," என்றாள். இதைச் சொல்ல இரண்டு நாள் எடுக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் அளவிட முடியாததை எப்படிப் பாடசாலைகளுக்குக் கொடுப்பது என்று மரியாதையாகக் கேட்டார். அதற்கு ஸுல்பிகா டீச்சர் பதில் சொன்னார்.

"ஒரு பிள்ளைக்கு எத்தின புள்ளியெண்டு நான் பதினேழு வருசமாப் போட்டுக்கொண்டு வாறன். அதுக்கு இந்த டெப் தேவையில்ல. இத வாசிச்சுப் பாருங்க." கேள்விகளின் பட்டியலை அவர்கள் முன் வைத்தார். முதல் தடவைகளில் கேட்டவை மேலே, கடைசியில் கேட்டவை கீழே. "மேல இரிக்கிற கேள்வியக் கேட்ட பிள்ளதான் கீழ இரிக்கிறதையும் கேட்டது. இடையில ஒரு மாசம். இதுதான் என்ட அளவு."

அவர்கள் நெடுநேரம் வாசித்தார்கள். முடிவு முழு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. முப்பது பாடசாலைக்கு என்று பேசியதை ஆறு பாடசாலைக்கு என்று குறைத்தார்கள். புள்ளி கேட்கவில்லை. மூதூரில் இரண்டு, கந்தளாயில் ஒன்று, வெருகலில் ஒன்று, நகரத்திலும் கிண்ணியாவிலும் ஏற்கெனவே இருந்தவை. கந்தளாய்ப் பிள்ளைகளுக்குக் கடல் இல்லை, குளம்தான். அங்கே கட்டம் குளக்கட்டில் வரவேண்டும் என்று அவர்கள் முதல் நாளே சண்டைபிடித்தார்கள். இராகுலன் தானே போய் அந்த வரைபடத்தை அளந்துகொண்டு வந்தார்.

டீச்சரின் ஆலோசகர் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அவர் படியேறி வந்தார். கைப்பையிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நிவேதிகா, இவ்வளவு நாளும் நான் வெளியில நிண்டு கேட்டன். இனி உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு பாக்கோணும். எனக்கும் புரோகிராம் எழுதப் பழக்குங்க."

நிவேதிகா பழக்கினாள். டீச்சர் நாற்பத்திநாலு வயதில், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு விரலால் தட்டி எழுதினார். இரண்டு மாதத்தில் தன் முதல் மாற்றத்தைச் செயலிக்குள் சேர்த்தார். அவர் பிடித்தது கிணறுகளை. அதுவரை கூடிக்கட்டில் கிணறு என்றால் வற்றாதது, இறைக்க இறைக்க வரும். கரைக்குக் கிட்ட மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும் என்பதை அவர் எழுதினார். பதினான்கு வரிகள்.

ஓட்டிப் பார்த்தார்கள். தொடங்கிய முதல் வினாடியே மலைமேல் இருந்த கிணறு உட்பட இரண்டு நகரத்துக் கிணறுகளும் உப்பாகிவிட்டன.

நிவேதிகாவுக்குப் பிழை எங்கே என்று உடனே தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"சொல்லாதீங்க," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல். கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலாவது வரியில் விரலை வைத்தார்.